பூ உதிர்வதற்குள் ஒரு ஃபேன் பெல்ட்

தேன்காரம்மாவின் கணவர் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அதே வாரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் மரங்கள் மொட்டு விட ஆரம்பித்துவிட்டன என்று தோட்டக்காரர் போன் செய்தார். கஷ்டம் என்றைக்குத் தனியாக வந்திருக்கிறது? கூட ஒன்றைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டுதான் வரும்.

"இன்னும் அஞ்சாறு நாள்ல மலர்ந்துடும்மா. மலர்ந்தா ஒரு வாரம் தாங்குனாலே அதிகம். பெட்டிங்க வந்துடும்ல?"

"வந்துடும்ங்க" என்றாள் தேன்காரம்மா. வாய் முந்திக்கொண்டது. மனசுக்கு அப்புறம்தான் பகீரென்றது.

வருஷா வருஷம் பூக்கிற காலத்தில் நாற்பது தேனீப் பெட்டிகளை மலை தாண்டிக் கொண்டுபோய் அந்தத் தோட்டத்தில் வைப்பார்கள். தோட்டத்துக்குக் காய் பிடிக்கும், இவர்களுக்குத் தேன் கிடைக்கும். முன்பெல்லாம் வாடகை லாரியில்தான் போனது. போன தடவை ஒரு தேனீ அந்த லாரி டிரைவரின் கண் இமையில் கொட்டிவிட்டது. அந்த மனிதர் ஒரு கண் பூசணி மாதிரி வீங்கிப்போய் லாரி ஸ்டாண்டில் இறங்கி நின்றதைப் பார்த்த பிறகு, ஊரில் எந்த லாரிக்காரரும் இவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை. "தேனீயா? சிங்கம் இருந்தா சொல்லுங்க, ஏத்திட்டுப் போறேன்" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதனால்தான் ஒரு ஐஸ் வியாபாரியிடமிருந்து அந்தக் குட்டி லாரியை வாங்கினார்கள். பழைய வண்டி, ஆனால் தளம் அகலம், நாற்பது பெட்டியும் அடங்கும். சமவெளியில் குதிரை மாதிரி ஓடியது. மலை என்றால் மட்டும் அதற்கு ஆகாது. ஒத்திகை பார்க்கலாம் என்று வெறும் வண்டியாக ஏற்றிப் பார்த்தபோது, பாதி ஏற்றத்திலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், ரேடியேட்டர் கொதித்து, முன்பக்கமெல்லாம் ஆவி. கராஜ்காரர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வயசாயிடுச்சும்மா. இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும். எனக்கு இப்ப கைநிறைய வேலை. மூணு வாரம் கழிச்சுக் கொண்டாங்க."

மூன்று வாரம் கழித்து ஆப்பிள் மரத்தில் இலைதான் இருக்கும்.

கணவர் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டிலில் படுத்தபடியே ராஜ்ஜியம் நடத்தினார். "வித்துடலாம் அதை. இந்த வருஷம் போகட்டும்."

"போகட்டும்னு நீங்க சொல்லிட்டீங்க. பூ கேக்குமா?" என்றாள் அவள். "இன்ஜினை இறக்க நமக்குத் தெரியாது. பெல்ட்டு, ஃபில்டரு, ஆயிலு, தண்ணி, இதெல்லாம் மாத்தலாம்ல? நாம வாங்கினதுலேர்ந்து ஒண்ணையும் தொடவே இல்லியே."

"உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?"

"தேனீப் பெட்டியை வெறுங்கையால திறக்கறேன். இரும்பு என்ன, கொட்டவா போகுது?"

அன்று சாயங்காலமே அவளுடைய நாத்தனார் வந்து இறங்கினாள். செருப்புத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் வேலை. அண்ணன் விழுந்துவிட்டான் என்று லீவு போட்டுவிட்டு ஓடிவந்தவள், அண்ணன் சுகமாகப் படுத்துக்கொண்டு கொட்டாவி விடுவதைப் பார்த்ததும், "இவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான். அண்ணி, உங்களுக்கு என்ன ஒத்தாசை வேணும், சொல்லுங்க" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்குக் கேட்லாக் என்று பட்டப்பெயர். எந்த வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு பாக எண்ணை ஒப்பிப்பார். கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள், கூரையிலிருந்து தொங்கும் பெல்ட்டுகள், அவற்றுக்கு நடுவே ரப்பர் வாசனையில் ஊறிப்போய் உட்கார்ந்திருப்பார். தேன்காரம்மா வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் மேஜையில் எல்லாம் வந்து குவிந்தன: ஃபேன் பெல்ட், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஒரு கேன் மெல்லிசு இன்ஜின் ஆயில்.

"பிரேக் ஆயிலும் வேணும்" என்றாள். மலையேறினால் அந்தப் பக்கம் இறங்கவும் வேண்டுமே.

கேட்லாக் அலமாரிக்கடியிலிருந்து பாதி காலியான பாட்டில் ஒன்றை எடுத்தார். "இது பிரிச்சது. பாதி விலைக்குத் தர்றேன், எடுத்துக்குங்க."

தேன்காரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எப்பப் பிரிச்சது?"

"இருக்கும் ஒரு ஏழெட்டு மாசம்."

"இது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும்னு சொல்வாங்களே?"

"இழுக்கும். இல்லேன்னு சொல்லல. ஆனா அது கொஞ்சம்தானே…"

"தேனும் அப்படித்தாங்க. மூடியைச் சரியா மூடலேன்னா தண்ணியை இழுத்து வெச்சுக்கும், அப்புறம் புளிச்சுப் பொங்கிடும். இது என் பிரேக்குல பொங்கினா நான் எங்க போய் நிக்கறது? பிரிக்காததா ஒண்ணு குடுங்க."

கேட்லாக் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். முத்திரை உடையாத பாட்டிலை எடுத்து வைத்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்து, பழைய படுக்கை விரிப்பைத் தரையில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாகக் கணவரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "வலது பக்கம் திருப்பாதே! இடது பக்கம்! எந்தக் கையால சாப்பிடறே, அந்தக் கை இல்ல, மத்தது!"

"ஜன்னலைச் சாத்தவா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. மடிப்பு மடிப்பாகப் புழுதி, நடுவே காய்ந்த அந்துப்பூச்சிகள். "இவ்வளவையும் மூக்குல அடைச்சுக்கிட்டா இது ஓடிச்சு? பாவம்டீ" என்றாள் தேன்காரம்மா. புதியது கச்சிதமாக உட்கார்ந்தது. டீசல் ஃபில்டரும் சரி. அடுத்தது ஆயில் ஃபில்டர். கறுத்த ஆயிலை வடியவிட்டு, பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதைத் திருகினாள். ஒரு சுற்றுப் போனது. அப்புறம் இறுகி நின்றுவிட்டது. கழற்றி மறுபடி திருகினாள். ஒரே சுற்று. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாய் அளவே வேறு.

புதியதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். கேட்லாக் கோபித்துக்கொண்டார்.

"இந்த வண்டிக்கு, இந்த வருஷத்துக்கு, இதுதான் ஃபில்டர். புத்தகம் சரியாத்தான் சொல்லுது. உங்க வண்டிதான் தப்பு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி தொண்டை வரைக்கும் வந்தது. தேன்காரம்மா விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

வாசலில் நாத்தனார் பழைய ஃபேன் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புதிய பெல்ட்டோடு அளந்துகொண்டிருந்தாள். "இது சரியா இருக்கு அண்ணி. அதே நீளம், அதே அகலம், நம்பர்கூட ஒண்ணு. அப்ப பெல்ட்டு விஷயத்துல புத்தகம் சொல்றது சரி. ஃபில்டர் விஷயத்துல மட்டும் எப்படித் தப்பும்?"

நல்ல கேள்விதான். தேன்காரம்மா பழைய பெல்ட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கவாட்டில் சொரசொரப்பாக இருந்தது. அடிப்பாகமோ கண்ணாடி மாதிரி பளபளவென்று மின்னியது. கையெழுத்துப் போடும் இடத்தைவிட்டு வேறெங்கோ மை கொட்டின மாதிரி, அந்தப் பளபளப்பு இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதாக அவளுக்குப் பட்டது. குனிந்து, பெல்ட் சுற்றி ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தைப் பார்த்தாள். அதன் அடியும் தேய்ந்து மின்னியது. புதிய பெல்ட்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். அது அகலமான சட்டைக்குள் ஒல்லிப் பையன் நுழைந்த மாதிரி உள்ளே இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்த கணவரிடம் போய்க் கேட்டாள். "ஏங்க, பெல்ட்டு புல்லியை எதால பிடிக்குது? அடியாலயா, பக்கத்தாலயா?"

அவர் அன்றைக்கு முதல் தடவையாக யோசித்தார். "பக்கத்தாலதான். ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கணும். அடியில தொட்டா வழுக்கும்."

"வழுக்கினா?"

"ஃபேன் மெதுவாச் சுத்தும். தண்ணி பம்ப்பும் மெதுவாச் சுத்தும்…" அவர் தலையைத் தூக்கினார். "ஏம்மா, ஏத்தத்துல இன்ஜின் முக்கும்போது வழுக்கினா…"

"தண்ணி கொதிக்கும்" என்று அவள் முடித்தாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயசு, வயசு என்று ஊரே சொன்ன நோய் வயசே இல்லையோ?

ஐஸ் வியாபாரிக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை அடித்த பிறகு எடுத்தார்.

"அண்ணே, நீங்க வித்த வண்டியில இன்ஜினை எதுவும் மாத்துனீங்களா?"

"ஆமாம்மா. பழசு வெடிச்சுப்போச்சு. ஒரு ஸ்கூல் பஸ்ஸோட இன்ஜின் நல்லதாக் கிடைச்சுது, தூக்கி வெச்சுட்டோம். தங்கமான இன்ஜின். ஏன், சொல்லலியா நான்?"

"சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே!"

"பெல்ட்டு?"

"பழைய வண்டிக்குப் புதுசா வாங்கின பெல்ட்டு சும்மா கிடந்துச்சு. அதையே இழுத்து மாட்டச் சொன்னேன். மாட்டிக்கிச்சே. எங்களுக்கென்ன, எங்க ஐஸ் ரோட்டுல ஏத்தமா, ஒண்ணா? சமதரை."

போனை வைத்ததும் தேன்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை நாள் ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் காலில் மாட்டி, நடக்கவில்லையே என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஃபில்டர் பஸ்ஸினுடையது, பெல்ட் லாரியினுடையது. புத்தகத்தை நம்பினாலும் தப்பு. பழைய பெல்ட்டைக் காட்டி அதே மாதிரி கேட்டாலும் தப்பு, பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி பாதி மலையில் ஆவி விட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இனி இன்ஜினைத்தான் கேட்க வேண்டும்.

இன்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கு விரல்கடை தடிமனுக்குப் படிந்திருந்தது. தேன்காரம்மா பெட்டிகளில் மெழுகு சுரண்டும் தகட்டை எடுத்து வந்தாள். நாத்தனார் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு பக்கத்தில் நின்றாள். சுரண்டினாள், துடைத்தாள், சுரண்டினாள். ஒரு மூலையில் மேடாக ஏதோ தட்டுப்பட்டது. மெல்ல மெல்ல இரும்பில் வார்த்த எழுத்துகள் மேலே வந்தன. இரண்டு எழுத்து, நாலு இலக்கம்.

"படிடீ, படி!"

நாத்தனார் சம்பளப் பட்டியல் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து கணவர் கைதட்டினார்.

மூன்றாவது தடவையாக அவளைப் பார்த்ததும் கேட்லாக்கின் முகம் சுருங்கியது. "மறுபடி என்னம்மா?"

"வண்டியை விடுங்க. இந்த இன்ஜினுக்கு என்ன போடணும், சொல்லுங்க" என்று எழுத்துகளைச் சொன்னாள்.

அந்த மனிதரின் கண் மூடியது. உதடு அசைந்தது. திடீரென்று கண்ணைத் திறந்தார். முகத்தில் ஏதோ தொலைந்துபோன சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்துவிட்ட சந்தோஷம்.

"குட்டி பஸ் இன்ஜின்! அட, இது இன்னும் ஓடுதா? எங்க சித்தப்பா ஓட்டினாரும்மா அந்த பஸ்ஸை. இருங்க, இருங்க." எழுந்து ஏணியைச் சாய்த்தார், பரண் மேல் ஏறினார். மேலிருந்து தும்மல் கேட்டது. அட்டைப் பெட்டிகள் சரியும் சத்தம் கேட்டது. அப்புறம், "இருக்கு! ஒண்ணே ஒண்ணு இருக்கு!" என்று ஒரு கூவல். இறங்கி வந்தபோது தலைமுடியெல்லாம் ஒட்டடை. கையில் அகலமான ஃபேன் பெல்ட், உறை பிரிக்காதது. ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று அவரே உள்பக்கமாக வளைத்து வளைத்து வெளிச்சத்தில் காட்டினார். தேன்காரம்மாவும் விரலால் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை, காய்ந்து விறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கேட்லாக்கை நிறுத்த முடியவில்லை. மெல்லிசு ஆயில் வேண்டாம், அது புது இன்ஜின்களுக்கு, இதற்குக் கெட்டியானதுதான் வாகு என்றார். "முன்னாடி மெல்லிசைக் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்க வண்டி யாருன்னு தெரியாமக் கொடுத்துட்டேன்." ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்தார். துருத் தண்ணீர் என்று தெரிந்ததும், "அலசுங்க. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசுங்க. ஓட்டை டப்பாவுல பால் ஊத்தி என்ன பிரயோஜனம்னு கேப்பாங்க, அழுக்கு ரேடியேட்டர்ல கூலன்ட் ஊத்தினாலும் அதே கதைதான். கலருக்காக எடுக்காதீங்க, பழைய இன்ஜினுக்கு எழுதியிருக்கறதா பார்த்து எடுங்க. இதோ இது" என்று ஒரு கேனை முன்னால் தள்ளினார். அந்த இன்ஜினுக்கான ஃபில்டரையும் தேடி எடுத்து, அதைத் தானே திருகிக் காட்ட வேண்டும் என்று கடையைச் சாத்திவிட்டு அவளோடு வந்தார்.

ஃபில்டர் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி சுற்றிச் சுற்றி ஏறியது. புதிய பெல்ட்டைப் பள்ளத்தில் வைத்ததும் அது மேல்விளிம்போடு விளிம்பாக, அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது. பெல்ட் இறுகுவதற்காக டைனமோவைக் கட்டையால் நெம்பி இழுத்துப் பிடித்துக்கொண்டு தேன்காரம்மா நட்டை முறுக்கினாள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம்தான் அமுங்கியது. ரேடியேட்டரை நாத்தனார் அலசினாள். முதலில் செங்கல் கரைத்த மாதிரி வந்தது, பிறகு டீ மாதிரி, பிறகு எலுமிச்சைச் சாறு மாதிரி, கடைசியில் வெறும் தண்ணீர். பிரேக் ஆயிலை மாற்றும்போது கணவரே ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து, "நான் மிதிக்கறேன், எனக்கு ஒரு கால் நல்லாத்தானே இருக்கு" என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். சக்கரத்தடியில் ஆயில் சின்னச் சின்னக் குமிழியாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வந்தது.

சாவியைத் திருப்பியபோது அந்த இன்ஜின் போட்ட சத்தத்தைத் தேன்காரம்மா அதற்கு முன் கேட்டதில்லை. முக்கல் இல்லை, கிரீச் இல்லை. வயிறார உண்டவன் விடுகிற மூச்சு மாதிரி சீராக வந்தது.

"யாரை வித்துடலாம்னீங்க?" என்றாள் கணவரைப் பார்த்து.

"நானா? எப்ப?" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து, தேனீக்கள் எல்லாம் கூடடைந்த பிறகு வாசல்களை அடைத்து, மேலே வலைமூடி போட்டு, பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். விடிந்தும் விடியாமலும் புறப்பட்டார்கள். தேன்காரம்மா ஓட்ட, நாத்தனார் பக்கத்தில். அவளுக்கு ஒரே வேலை: சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

தேனீக்களை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கக்கூடாது. ஓடுகிற வரைக்கும் காற்று உள்ளே போகும். நின்றால் பெட்டிக்குள் ஆயிரமாயிரம் உடம்பின் சூடு சேர்ந்து, மெழுகு இளகி, கூடே சரிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

முன்பு கொதித்து நின்ற இடத்தை வண்டி அலட்சியமாகத் தாண்டியது. முள் நடுக்கோட்டிலேயே இருந்தது. நாத்தனார் சீட்டில் குதித்தாள். தேன்காரம்மா ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் மலை அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா? இன்னும் சில வளைவுகள் ஏறியதும் எதிரே வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி அச்சு முறிந்து, பாதையை அடைத்துக் குறுக்கே நின்றுவிட்டதாம்.

"கிரேன் வரணும். மத்தியானம் ஆகும்" என்றார் முன்னால் நின்ற வேன் டிரைவர்.

சூரியன் மலைமுகட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பின்னால் தளத்தில் ரீங்காரம் மாறியது. அதுவரை தாழ்ந்த சுருதியில் இருந்தது, இப்போது கூர்மையாகி, ஏறத் தொடங்கியது. தேன்காரம்மாவுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும். இறங்கிப் போய், பெட்டிகள் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கில் இன்னும் தண்ணீர் தெளித்தாள். ஒரு வலைமூடியில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்புப் பக்கத்தில் வைத்த மாதிரி இருந்தது.

இடது பக்கம் பழைய பாதை ஒன்று பிரிந்து போனது. புது ரோடு போடுவதற்கு முன் இருந்தது. சுவரில் சாய்த்த ஏணி மாதிரி செங்குத்து.

"அது மேல போய்ச் சேருமா?" என்று வேன் டிரைவரிடம் கேட்டாள்.

"சேரும். ஆனா அந்த ஏத்தத்துல புது வண்டியே நாக்குத் தள்ளும்மா. இதை வெச்சுக்கிட்டா…" அவர் குட்டி லாரியைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

தேன்காரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். "என்னடீ சொல்றே?"

"நான் என்னத்தச் சொல்றது அண்ணி. நீங்க ஓட்டுங்க, நான் முள்ளைப் பார்க்கறேன்."

முதல் கியரைப் போட்டாள். வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறியது. கூழாங்கல் சக்கரத்துக்கடியில் நொறுங்கியது. பெட்டிகள் பின்னால் சாய்ந்து கயிறு முறுகியது. இன்ஜின் உறுமியது. அந்த உறுமலுக்கு நடுவே ஃபேன் காற்றை வாரி வாரி இழுக்கும் சத்தத்தை அவள் காது தேடிக்கொண்டே இருந்தது. இருந்தது. விடாமல் இருந்தது.

"நடுவுல இருக்கு" என்றாள் நாத்தனார். ஒரு வளைவு தாண்டியது. "கொஞ்சம் மேல வருது அண்ணி." இன்னொரு வளைவு. "இன்னும் மேல… சிவப்புக்குக் கொஞ்சம்தான் இருக்கு…"

நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியாது, பின்னால் உருளும். ஏறுவதைத் தவிர வேறு வழியே இல்லை. தேன்காரம்மா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அண்ணி!" என்று நாத்தனார் கத்தினாள். "நின்னுடுச்சு!"

"எது? வண்டி ஓடுதேடீ!"

"வண்டி இல்ல, முள்ளு! முள்ளு நின்னுடுச்சு! மேல போகல!"

"நல்லாப் பாரு!"

"பார்த்துட்டேன்! கண்ணு வலிக்கப் பார்த்துட்டேன்! ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! ஐயோ, இறங்குது அண்ணி, இறங்குது!"

பாதை சட்டென்று சமனானது. கண்ணாடி முழுக்க வானம் இருந்த இடத்தில் இப்போது பள்ளத்தாக்கு விரிந்தது. மலைமுகட்டின் காற்று ஜன்னல் வழியாகவும் வலைமூடிகள் வழியாகவும் பாய்ந்தது. தேன்காரம்மா ஒரு கூச்சல் போட்டாள். என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. நாத்தனாரும் கூடச் சேர்ந்து கத்தினாள். கீழே புது ரோட்டில் வண்டிகள் தீப்பெட்டிகளாக வரிசை கட்டி நின்றன. அதிலிருந்து யாரோ ஒருவர், வேன் டிரைவராகத்தான் இருக்க வேண்டும், துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார்.

இறக்கம் ஏற்றத்துக்குச் சளைத்ததாக இல்லை. ஆனால் பிரேக் ஒவ்வொரு மிதிக்கும் கல் மாதிரி உறுதியாகப் பதில் சொன்னது. காற்று ஓட ஓட ரீங்காரமும் மெல்ல இறங்கிப் பழைய சுருதிக்கு வந்தது.

ஆப்பிள் தோட்டத்தில் ஒரு வேடிக்கை காத்திருந்தது. ரோடு அடைபட்ட செய்தி தோட்டக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி தேனீக்கள் வராது என்று முடிவு கட்டி, அவரும் அவருடைய மாமனாரும் ஆளுக்கொரு ஓவியப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, ஏணியில் ஏறி, பூவுக்குப் பூ மகரந்தம் தடவிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒரு மரம்கூட முடியவில்லை. மாமனாரின் மீசை முழுக்க மஞ்சள் பொடி.

வண்டியின் சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். தோட்டக்காரர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். "எப்படிம்மா வந்தீங்க? ரோடு அடைச்சிருக்கே!"

"பழைய ரோடு திறந்துதானேங்க இருக்கு?"

"அதுல இந்த வண்டியா?" மாமனார் ஏணியிலிருந்து இறங்கி வந்து, வண்டியைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். "யாரு ரிப்பேர் பார்த்தது?"

"நாங்கதான்" என்றாள் நாத்தனார், தேன்காரம்மா வாயைத் திறப்பதற்குள். "பெல்ட்டு, ஃபில்டரு, ஆயிலு, எல்லாம் நாங்க பார்த்து வாங்கிப் போட்டது. வேணும்னா திறந்து காட்டவா?"

காட்டாமல் விடவில்லை. மூடியைத் தூக்கி, அகலமான பெல்ட் புல்லியோடு எப்படி விளிம்பாக நிற்கிறது பாருங்கள் என்று, தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல் காட்டினாள்.

பெட்டிகளை மர வரிசைகளுக்கு நடுவே இறக்கி வைத்து, தேன்காரம்மா ஒவ்வொரு வாசலாகத் திறந்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு தேனீ வெளியே வந்து, வெளிச்சத்தில் நின்று, சிறகை உதறியது. அப்புறம் பத்து, நூறு, கொட்டிக் கவிழ்த்த மாதிரி. பெட்டிகளுக்கு முன்னால் வட்டமடித்து இடத்தை அடையாளம் பார்த்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் தோட்டமே ரீங்கரித்தது. வெள்ளைப் பூக்களின் மேல் தங்கப் புள்ளிகளாக, எந்த ஓவியன் கைக்கும் எட்டாத வேகத்தில் வேலை நடந்தது. ஒரு பெட்டிகூடச் சரியவில்லை. நாற்பதும் உயிரோடு இருந்தன. மாமனார் தன் பிரஷ்ஷைப் பார்த்தார், தேனீக்களைப் பார்த்தார், பிரஷ்ஷைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

தேன்காரம்மா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டாள். "எல்லாம் நல்லபடியா வந்துட்டோம். பூவெல்லாம் முழுசா மலர்ந்து நிக்குது."

"கராஜ்காரர் வந்திருக்காரு. அந்த பெல்ட்டு கதையை மூணு தடவை கேட்டுட்டாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீயே சொல்லு" என்றார் அவர்.

"வந்து சொல்றேன்னு சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

நிமிர்ந்தபோது நாத்தனார் வண்டியருகே நின்று, கதவுப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "அண்ணி, எனக்கும் ஓட்டக் கத்துக்குடுக்கறீங்களா?"

"இப்பவா?"

"இப்பத்தான். வெறும் வண்டி, தோட்டத்துப் பாதை, குறுக்க யாரும் இல்ல. இவ்வளவு நேரம் முள்ளையே பார்த்துட்டு வந்தேன், வழியில மலை எப்படி இருந்துச்சுன்னுகூடப் பார்க்கல."

தேன்காரம்மா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இந்தத் தடவை பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "கிளட்சை மெதுவா விடு. மெதுவா… அவசரம் ஒண்ணும் இல்ல."

வண்டி ஒரு தடவை துள்ளியது. இரண்டாவது தடவை நகர்ந்தது. பூத்த மரங்களுக்கு நடுவே, தேனீக்களின் கூட்டத்தை மெல்ல விலக்கிக்கொண்டு, நாத்தனார் பெருமிதமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள்.